கண்மாய்க்கு வரும் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

பெரியகுளத்திலிருந்து வைகை அணைக்குப் போகும் வழியில் வடுகபட்டி, மேல்மங்கலம் ஆகிய ஊர்களைத் தாண்டினால் ஜெயமங்கலம். கொடைக்கானல் மலைச் சரிவில் பிறந்து, சோத்துப்பாறை அணையில் தேங்கி, பெரியகுளம் நகரின் நடுவே ஓடிவரும் வராக நதியும் ஏறக்குறைய இதே வழியாகத்தான் வருகிறது. பின்னர் குள்ளப்புரம் சென்று வைகை நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. நெல், கரும்பு, வாழை, தென்னை, வெற்றிலைக் கொடிக்கால் என்று எதை வைத்தாலும் விளையும் பூமி. வடகிழக்குப் பருவமழை கைகொடுத்த ஆண்டில் இந்தப் பக்கத்து விவசாயிக்குத் தண்ணீர்க் கவலை அதிகமில்லை.

கவலை வேறு வகையில் வருகிறது. ஆற்றில் தண்ணீர் வந்ததும் மடையைத் திறந்தால், தண்ணீருக்கு முன்னால் பாலிதீன் பை வருகிறது. அதற்குப் பின்னால் நுரை வருகிறது. வயலில் இறங்கி வரப்பு அண்டை வெட்டுகிறவர் மாலையில் காலைச் சொறிந்துகொண்டு வீடு திரும்புகிறார். பெரியகுளத்தில் வடகரைக்கும் தென்கரைக்கும் நடுவே ஓடும் இந்த ஆற்றில் சாக்கடை நீரும் குப்பையும் சேருவது பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வரும் குறை. பாலசுப்பிரமணியர் கோயில் படித்துறையில் நின்று எதிரெதிர்க் கரை மருத மரங்களைப் பார்க்க வருகிறவர்கள் ஆற்றையும் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். ஆனால் பழியை முழுக்க நகரத்தின் மேலேயே போட்டுவிடுவதும் நியாயமாகாது. நகரத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு ஊரின் தெருச் சாக்கடையும் கடைசியில் ஏதாவதொரு வாய்க்காலிலோ கண்மாயிலோதான் விழுகிறது.

எந்தக் கிராம சபைக்குப் போனாலும் இப்படியொரு பேச்சு காதில் விழும்.

“தம்பி, வாய்க்காலில் சாக்கடைத் தண்ணி வருது. காலை வைக்க முடியலை. பஞ்சாயத்து என்னதான் செய்யுது?”

“அண்ணே, அது நம்ம ஊர்ச் சாக்கடை மட்டுமா? மேலேயிருந்து வர்ற தண்ணியை நான் எங்கே போய் மறிக்கிறது? உங்க தெருவுக்கு விளக்கு வேணும்னா சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

கேட்ட விவசாயி சொல்வதும் சரி, ஊராட்சிச் செயலர் சொல்வதும் சரி. ஆனால் கூட்டம் முடிந்த பின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் தெரு விளக்கு ஏறியிருக்கும், வாய்க்கால் ஏறியிருக்காது. வாயால் சொன்ன குறைக்கு அலுவலகத்தில் ஆயுள் கிடையாது. நஷ்டம் இங்கேதான் தொடங்குகிறது.

எது யாருடையது?

வராக நதித் தண்ணீர் ஜெயமங்கலம் எல்லையைத் தொடுவதற்குள் எத்தனை நிர்வாகங்களைக் கடந்து வருகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெரியகுளம் ஒரு நகராட்சி. அதையொட்டிய தென்கரை ஒரு பேரூராட்சி. பூண்டுச் சந்தைக்குப் பேர்போன வடுகபட்டி இன்னொரு பேரூராட்சி. மேல்மங்கலமும் ஜெயமங்கலமும் கிராம ஊராட்சிகள், பெரியகுளம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. ஆறும் அணையும் நீர்வளத் துறையின் பொறுப்பு. 2021ஆம் ஆண்டு வரை இது பொதுப்பணித் துறையின் ஒரு பகுதியாக இருந்ததால், இன்றும் விவசாயிகள் வாயில் ‘பி.டபிள்யூ.டி.’ என்ற பெயர்தான் வருகிறது. கரைப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு என்றால் வட்டாட்சியர். ஆலைக் கழிவு என்றால் மாசு கட்டுப்பாட்டு வாரியம். ஒரே தண்ணீர்தான், அதற்கு இத்தனை வாசல்கள்.

கண்மாய் விஷயத்தில் விவசாயிகள் அடிக்கடி தவறான வாசலைத் தட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் உள்ள 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்களில், ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது 100 ஏக்கருக்கு, மேற்பட்டவை நீர்வளத் துறையிடம் உள்ளன. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம் உள்ளன. 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தைத் தொடர்ந்து ஒன்றியங்கள் அமைந்தபோது ஏற்பட்ட பிரிவினை இது. ஆகவே ஒரே ஊரில் இரண்டு கண்மாய்கள் இருந்து, ஒன்றின் மடை உடைந்தால் உதவிப் பொறியாளரிடமும், மற்றதன் மடை உடைந்தால் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் போக வேண்டிவரும். நமது கண்மாய் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு முறை கேட்டு, சர்வே எண்ணோடு குறித்து வைத்துக்கொள்வது நல்லது. இந்த ஒரு விவரம் கையில் இல்லாததால் மூன்று மாதம் அலைந்தவர்கள் உண்டு.

இப்படிப் பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று தனித்தனிக் குழுக்கள் பேசப்படுகின்றன. குடவோலை முறையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு ஏரியைப் பார்ப்பதே வேலையாக இருந்தது என்பதுதான் விவசாயி கவனிக்க வேண்டிய சங்கதி.

கிராம ஊராட்சியின் நேரடிப் பொறுப்பில் இருப்பவை குடிநீர், தெரு விளக்கு, தெருச் சாக்கடை, குப்பை, ஊர்ச் சாலை. இவற்றில் சாக்கடையும் குப்பையும் விவசாயப் பிரச்சினைகள் என்று நம்மில் பலர் நினைப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டால் தெரியும்.

ஆயிரம் பேர் வீட்டுத் தண்ணீர்

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் குடிநீர் என்று அளவு வைத்தார்கள். ஆயிரம் பேர் உள்ள ஒரு பகுதிக்கு 55,000 லிட்டர். வீட்டுக்குள் போகும் தண்ணீரில் முக்கால் பங்குக்குக் குறையாமல் அழுக்காகி வெளியே வரும் என்பது பொறியாளர்கள் கணக்கு. அப்படியானால் நாளொன்றுக்கு 40,000 லிட்டர் கழிவுநீர் தெருவில் இறங்குகிறது. ஓர் ஏக்கர் வயலுக்கு 5 செ.மீ. உயரம் தண்ணீர் கட்ட 2 லட்சம் லிட்டர் வேண்டும். ஆக, ஆயிரம் பேர் ஐந்து நாளில் வெளியேற்றும் தண்ணீர் ஓர் ஏக்கருக்கு ஒரு பாய்ச்சல்!

இந்தத் தண்ணீர் இப்போது என்ன செய்கிறது? சாக்கடையில் தேங்கிக் கொசுவை வளர்க்கிறது. மிச்சம் கண்மாயில் விழுந்து ஆகாயத்தாமரையை வளர்க்கிறது. சோப்புத்தூளில் உள்ள மணிச்சத்தும், கழிவில் உள்ள தழைச்சத்தும் ஆகாயத்தாமரைக்கு இட்ட உரம். சத்துள்ள தண்ணீரில் இது இரண்டு வாரத்துக்குள் இரு மடங்காகப் பெருகும். கண்மாயில் ஆகாயத்தாமரை மண்டியிருந்தால், மேலே எங்கோ சாக்கடை கலக்கிறது என்று ஆய்வுக்கூடம் போகாமலே சொல்லிவிடலாம். ஆண்டுதோறும் அதை அள்ளுவதற்குப் பணம் கேட்பதைவிடச் சாக்கடையைத் திருப்புவதற்குப் பணம் கேட்பது மேல். அள்ளியதைக் கரையிலேயே குவித்துவிட்டு வந்தால் அடுத்த மழையில் மறுபடி கண்மாய்க்குள்தான் இறங்கும். குழியில் போட்டுச் சாணக் கரைசல் தெளித்து மட்கவைத்தால் நல்ல எரு.

வீட்டிலிருந்து வரும் நீரில் இரண்டு வகை உண்டு. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவப் பயன்படுத்திய நீர் ஒரு வகை. கழிப்பறை நீர் இன்னொரு வகை. முதல் வகையை வீட்டுக் கொல்லையிலேயே முடித்துவிடலாம். இரண்டாம் வகை செப்டிக் தொட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். செப்டிக் தொட்டியின் குழாயைத் தெருச் சாக்கடையில் சேர்த்துவிடும் வழக்கம் பல ஊர்களில் பரவியிருக்கிறது. கட்டும்போது கொஞ்சம் செலவு மிச்சம். அந்தச் சாக்கடை விழும் வாய்க்காலில் நாற்று நடுவது அவர் வீட்டு ஆட்களாகவே இருக்கலாம் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

கொல்லையில் இடமுள்ளவர்கள் உறிஞ்சுகுழி வெட்டலாம். மூன்றடிக்கு மூன்றடி, ஆழம் மூன்றடி. அடியில் பெரிய கல், மேலே சிறிய கல். குழிக்கு முன்னால் ஒரு சிறு தொட்டி வைத்து, சோற்றுப் பருக்கையும் மண்ணும் அதில் தங்கும்படி செய்ய வேண்டும். வாரம் ஒரு முறை அந்தத் தொட்டியைச் சுத்தம் செய்யாவிட்டால் ஆறு மாதத்தில் குழி அடைத்துக்கொள்ளும். குடிநீர்க் கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி தூரமாவது இருக்கட்டும். மகாராஷ்டிர மாநிலம் நாந்தேட் மாவட்டத்தில் டெம்புர்னி என்ற கிராமம் வீட்டுக்கு வீடு இத்தகைய குழி அமைத்துத் திறந்த சாக்கடையையே ஒழித்தது. கொசு ஒழிந்த கிராமம் என்று அதற்குப் பெயர் வந்தது. அதைப் பார்த்து அந்த மாவட்டத்தின் மற்ற ஊர்களும் இந்த முறையைக் கையாண்டன.

ஆனால் நமது பக்கத்து நஞ்சை ஓரத்து வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. களிமண் பூமியில் உறிஞ்சுகுழி உறிஞ்சாது. பாசன காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும்போது குழியே ஊற்றாகிவிடும். அங்கே குழி வெட்டிப் பணத்தை வீணாக்க வேண்டாம். நாலு வாழை, கொஞ்சம் கல்வாழை, ஒரு தென்னை வைத்து அவற்றின் பாத்திக்குத் திருப்பினால் போதும். திட்டப்படி எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிக் குழி என்று மேலிருந்து வரைபடம் வரும்போது, நமது மண் வேறு என்று சொல்ல வேண்டியது மண்ணை அறிந்த விவசாயிதான். பொறியாளர் ஊருக்கு வருவது ஒரு நாள், நாம் அங்கேயே இருப்பவர்கள்.

இடமில்லாத தெருக்களின் தண்ணீர் எப்படியும் சாக்கடையில்தான் வரும். அது வாய்க்காலில் விழும் கடைசி இடத்தில் ஊராட்சி ஒரு வேலை செய்யலாம். முதலில் ஒரு கம்பி வலை, அதில் பாலிதீன் நிற்கும். அடுத்து ஒரு படிவுத் தொட்டி, அதில் மண்ணும் கசடும் அடியில் தங்கும். அதற்கப்பால் சரளை நிரப்பி, கல்வாழையோ நாணலோ சம்போ நட்ட நீண்ட தொட்டி. தண்ணீர் இவற்றின் வேர்களுக்கிடையே மெல்ல ஊர்ந்து வெளியே வரும்போது நாற்றமும் கசடும் பெரும்பகுதி குறைந்திருக்கும். குடிக்கும் தண்ணீர் ஆகிவிடாது, ஆனால் வயலுக்கு விடத் தயங்க வேண்டியதில்லை. கட்டுவதைவிட, மாதம் ஒரு முறை கசடு அள்ளுவதற்கு ஆள் ஏற்பாடு செய்வதுதான் கடினம். திறப்பு விழா நடந்து அடுத்த ஆண்டே புதர் மண்டிக் கிடக்கும் தொட்டிகள் எத்தனையோ. ஆகவே தீர்மானம் எழுதும்போதே பராமரிப்பையும் சேர்த்து எழுத வேண்டும்.

பணம் உண்டா என்று கேட்கலாம். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு ஊராட்சிகளுக்கு வழங்கிய மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கிவைத்தது. மழைநீர் சேகரிப்பும் கழிவுநீரை மறுபடி பயன்படுத்துவதும் அதில் அடங்கும். அந்த 60 சதவீதத்தைச் சாலை போடச் செலவிட முடியாது. 2020இல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டத்திலும் உறிஞ்சுகுழிகளுக்கு இடம் இருந்தது. நமது ஊராட்சி இந்தப் பணத்தில் என்ன செய்தது என்பது வரவு செலவுக் கணக்காகக் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டிய விஷயம். வாசிக்கும்போது கேட்டுக்கொண்டிருக்கும் விவசாயிகள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

மேலேயிருந்து வரும் தண்ணீர்

தன் ஊர்ச் சாக்கடையைச் சரிசெய்த ஊராட்சிக்கு மேலூர்ச் சாக்கடையைப் பற்றிப் பேச வாய் உண்டு. அதைச் செய்யாமல் பேசினால், “உங்கள் தெருவைப் பாருங்கள்” என்ற ஒரே பதிலில் பேச்சு முடிந்துவிடும்.

ஒரு கிராம ஊராட்சி நகராட்சிக்கு உத்தரவிட முடியாது. ஆனால் தீர்மானம் போட முடியும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன்படி மாவட்ட ஆட்சித் தலைவரே ஊராட்சிகளின் ஆய்வாளர். நகராட்சி ஆணையர், பேரூராட்சிச் செயல் அலுவலர், நீர்வளத் துறைப் பொறியாளர் ஆகிய எல்லோரையும் ஒரே மேஜைக்கு அழைக்கக்கூடியவரும் அவர்தான். ஜெயமங்கலம் ஒரு தீர்மானம் அனுப்பினால் ஒரு காகிதம். மேல்மங்கலமும் ஜெயமங்கலமும் குள்ளப்புரமும் ஒரே வாசகத்தில், ஒரே நாளில் தீர்மானம் போட்டு அனுப்பினால் அது ஓர் ஆற்றங்கரையின் குரல். கட்சி வேறு, சாதி வேறு, தெரு வேறு என்று பிரிந்து நிற்கும் ஊர்களில் இது எளிதல்ல என்பது தெரிந்ததே. ஆனால் மடைத் தண்ணீர் எல்லோர் வயலுக்கும் ஒரே நிறத்தில்தான் வருகிறது.

கிராம சபை கூடும் நாட்கள் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22ம், உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1ம் 2022இல் சேர்க்கப்பட்டவை. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். 2019 டிசம்பரில் தேனி உள்ளிட்ட 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, தனி அலுவலர்களிடம் நிர்வாகம் போனது. அப்போதும் கிராம சபைக் கூட்டங்கள் நின்றுவிடவில்லை. நாற்காலியில் இருப்பவர் தலைவரானாலும் அலுவலரானாலும் சபை என்பது வாக்காளர் பட்டியலில் பெயருள்ள நாம்தான்.

பேசுவதை முன்கூட்டியே எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். வாசகம் இப்படி இருக்கலாம்: “இவ்வூராட்சியின் இன்ன சர்வே எண்ணில் உள்ள இன்ன கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்காலில், இன்ன தெருவின் சாக்கடை இன்ன பாலத்தருகே கலக்கிறது. இதனால் இத்தனை ஏக்கர் ஆயக்கட்டு பாதிக்கப்படுகிறது. கலக்கும் இடத்தில் கம்பி வலையும் படிவுத் தொட்டியும் அமைத்து, மாதம் ஒரு முறை கசடு அகற்றுவதெனத் தீர்மானிக்கப்படுகிறது. ஊராட்சி எல்லைக்கு மேலே ஆற்றில் கலக்கும் கழிவுநீரைத் தடுக்க நடவடிக்கை கோரி, இத்தீர்மானத்தின் நகலை மாவட்ட ஆட்சித் தலைவருக்கும் நீர்வளத் துறைக்கும் அனுப்புவதெனவும் தீர்மானிக்கப்படுகிறது.” இடம், சர்வே எண், ஏக்கர், என்ன வேலை என்ற நாலும் இருந்தால் அது மதிப்பீட்டுக்குப் போகும் தீர்மானம். “சுகாதாரக் கேடு நீங்க ஆவன செய்ய வேண்டும்” என்று முடித்தால் கோப்பில் தூங்கும் தீர்மானம். தீர்மான எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மாவட்ட ஆட்சித் தலைவர் தலைமையில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லியே கேட்க வேண்டும்.

அதுவரை வயலில் என்ன செய்வது?

தீர்மானம் வேலையாக மாற ஒரு போகமோ இரண்டு போகமோ ஆகலாம். அதுவரை வருகிற தண்ணீரில்தான் விவசாயம் செய்தாக வேண்டும்.

கோடைக்குப் பிறகு வரும் முதல் தண்ணீர் மிக மோசமானது. ஆறு மாதமாக ஆற்றிலும் சாக்கடையிலும் கிடந்த கசடெல்லாம் அதில்தான் வருகிறது. ஆசைப்பட்டு முதல் தண்ணீரை வயலுக்கு விட வேண்டாம், ஓடவிட்டு விடுங்கள். நாற்றங்காலுக்குக் கிணற்றுத் தண்ணீரே வேண்டும். மடைவாயில் மூங்கில் தட்டியோ பழைய கம்பி வலையோ வைத்தால் பாலிதீன் வயலுக்குள் வராது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. ஆனால் வாய்க்காலுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

நெல் விவசாயிகள் கவனிக்க வேண்டியது தழைச்சத்து. ஊர்ச் சாக்கடை நீரில் லிட்டருக்கு 20 முதல் 70 மில்லிகிராம் தழைச்சத்து இருக்கும். சராசரி 40 என்று கொள்வோம். வாய்க்கால் தண்ணீரில் நாலில் ஒரு பங்கு சாக்கடை என்று வைத்துக்கொண்டால் லிட்டருக்கு 10 மில்லிகிராம். ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. பாய்ச்சும்போது 2 கிலோ தழைச்சத்து போகிறது. பத்துப் பாய்ச்சலில் 20 கிலோ. ஏறக்குறைய ஒரு மூட்டை யூரியா! மத்திய கால ரகங்களுக்குச் சிபாரிசு செய்யப்படுவது ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து. அதில் மூன்றில் ஒரு பங்கு நாம் கேட்காமலே வந்துவிடுகிறது. இது தெரியாமல் வழக்கம்போல் யூரியாவை அள்ளி வீசினால் பயிர் கருகருவென்று வளரும். பார்க்க அழகுதான். பிறகு இலைச் சுருட்டுப் புழு, புகையான், குலைநோய் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். கதிர் வந்த பின் சாயும். யூரியாவுக்கு ஒரு செலவு, மருந்துக்கு ஒரு செலவு, சாய்ந்த பயிரை அறுக்க ஒரு செலவு.

இலை வண்ண அட்டை இதற்கென்றே வந்த சாதனம். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, காலையில், நம் உடல் நிழலில் வைத்து, நன்கு விரிந்த இளம் இலையின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற எண்ணுக்குக் கீழே நிறம் போனால்தான் யூரியா. அதற்கு மேல் இருந்தால் மூட்டை வீட்டிலேயே இருக்கட்டும். அண்டை வயல்காரர் போடுகிறார் என்பதற்காகப் போட வேண்டாம். அவர் வயலுக்கு வருவதும் இதே தண்ணீர்தான்.

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்களுக்குச் சலுகை எதுவும் சொல்வதற்கில்லை. வெற்றிலை வேகவைக்காமல் வாயில் போடும் பொருள். பெரும்பாலோர் வேட்டியில் துடைத்துவிட்டு மெல்லுகிறவர்கள். சாக்கடை கலந்த நீரைக் கொடிக்காலுக்கு விடுவது தின்கிறவருக்குச் செய்யும் கேடு. கொடிக்கும் கேடுதான். கசடு படிந்து வடிகால் அடைபட்டால் நீர் தேங்கும். நீர் தேங்கினால் அடித்தண்டு அழுகி வாடல் நோய் பரவும். ஒரு மூலையில் தொடங்கிய வாடல் தண்ணீரோடு அடுத்த பாத்திக்கும் போகும். கொடிக்காலுக்குக் கிணற்று நீரை ஒதுக்கிவிட்டு, வாய்க்கால் நீரை நெல்லுக்கோ தென்னைக்கோ வாழைக்கோ விடுவதே முறை. கீரை, கொத்தமல்லி, வெள்ளரி ஆகியவற்றுக்கும் இதே விதி.

கழிவுநீர் தாராளமாக வரும் தாழ்ந்த வயலில் நெல் திரும்பத் திரும்பச் சாய்கிறதென்றால் தீவனப் புல்லுக்கு மாறலாம். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் தழைச்சத்தை நன்றாகத் தின்னும். மதுரை அவனியாபுரத்தில் நகரக் கழிவுநீரைக் கொண்டு நெடுங்காலம் தீவனப் புல்தான் வளர்த்தார்கள். ஐதராபாத்துக்குக் கீழே மூசி ஆற்றங்கரையில் நெல் மகசூல் குறைந்துபோன விவசாயிகள் எருமைப் புல்லுக்கு மாறி, நகரத்துப் பால் மாட்டுக்காரர்களுக்கு விற்றுப் பிழைத்தார்கள். கொல்கத்தாவுக்குக் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் பரப்புள்ள சதுப்பு நிலங்களில் நகரத்துக் கழிவுநீரைக் குளங்களில் விட்டு மீன் வளர்க்கிறார்கள். கழிவுநீரால் பிழைக்க முடியும். ஆனால் அங்கெல்லாம் எந்தத் தண்ணீர் எந்த நிலத்துக்கு என்று தெரிந்து செய்கிறார்கள். நமக்கு அது சொல்லாமல் வருகிறது.

வயலில் இறங்குகிறவர்கள் காலில் வெட்டுக்காயம், சேற்றுப்புண் இருந்தால் அன்று இறங்க வேண்டாம். இறங்குமுன் காலில் தேங்காய் எண்ணெயோ வேப்பெண்ணெயோ தடவிக்கொண்டு, ஏறியதும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வயல் வேலை பார்ப்பவர் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். கூலிக்கு வருகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டியது நிலத்துக்காரர் கடமை.

வண்டல் எடுக்கிறவர்களுக்கு

கோடையில் கண்மாய் வற்றியதும் வண்டல் எடுக்க நல்ல சமயம். விவசாயத்துக்கு வண்டல் இலவசம். நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது 25 டிராக்டர் லோடு. புஞ்சை ஏக்கருக்கு 90 கன மீட்டர், அதாவது 30 லோடு. முன்பு மாவட்ட அலுவலகம் வரை போக வேண்டியிருந்தது. 2024ஆம் ஆண்டு முதல் வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம் என்று மாற்றப்பட்டது. இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம். சாக்கடை விழும் முனையில் உள்ள வண்டலில் கண்ணாடித் துண்டும் பாலிதீனும் கலந்திருக்கும். அங்கே எடுக்காமல் மடைக்கு அருகிலோ கண்மாயின் நடுவிலோ எடுப்பது நல்லது. எடுக்குமுன் ஒரு கிலோ வண்டலையும், ஒரு லிட்டர் வாய்க்கால் தண்ணீரையும் சுத்தமான பாட்டிலில் மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுத்து உப்பு, களர்த்தன்மை பார்த்துக்கொள்ளலாம். சோப்பு கலந்த நீர் ஆண்டுக்கணக்கில் பாய்ந்த வயல் உழும்போது கட்டி கட்டியாகப் பெயர்ந்தால் சோடியம் ஏறியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். எவ்வளவு ஜிப்சம் இடுவது என்பதை அந்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

அந்த முடிவுத் தாளைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த கிராம சபைக்கு ஒரு நகல் கொண்டு போகலாம். வாய்க்கால் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று வாயால் சொன்னால் மறுப்பு வரும். சோதனை நிலையத்து முத்திரையோடு இருக்கும் தாளைத் தீர்மானத்தோடு இணைத்து அனுப்பினால், பதில் எழுத வேண்டியது அலுவலகத்தின் வேலை.